வீட்டுக்காரர் சம்மதம்

இந்தியாவில் மின்சாரத்தைக் குறித்து இயற்றப்பட்ட முதல் சட்டம், அதை உற்பத்தி செய்வதற்கோ விற்பதற்கோ வழிவகுக்க எழுந்ததன்று. அதனால் விளையக்கூடிய தீங்கிலிருந்து மக்களின் உடலையும் உடைமையையும் காக்க எழுந்தது. 1887-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டமாக ஏடுகளில் பதிந்துள்ள அந்தச் சிறு சட்டம், விளக்குக்காகவும் பிற காரியங்களுக்காகவும் மின்சாரத்தை வழங்குவதிலும் உபயோகிப்பதிலும் நேரக்கூடிய அபாயங்களிலிருந்து மனிதரையும் சொத்தையும் ரட்சிப்பதே தன் நோக்கம் என்று முகப்பிலேயே பிரகடனம் செய்துகொண்டது. அப்போது சென்னையில் மின்சார டிராம் ஓடவில்லை. டார்ஜீலிங் மலைச்சரிவில் சித்ராபோங் நீர்மின் நிலையம் எழுவதற்குப் பத்து ஆண்டுகளும், கல்கத்தா வீடுகளுக்கு மின்சாரம் வழங்கும் கம்பெனி வேலை தொடங்கப் பன்னிரண்டு ஆண்டுகளும் இருந்தன. கம்பி வீட்டு வாசலுக்கு வருமுன்பே அதைப் பற்றிய கவலை சட்டப் புத்தகத்துக்குள் வந்து அமர்ந்துவிட்டது.

இன்றோ, மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரைத் தொட்டுவிடும் அண்மையில் உயரழுத்தக் கம்பி செல்வதையும், படுக்கையறைச் சன்னலுக்கு நேரே டிரான்ஸ்பார்மர் நின்று மழைநாளில் பொறி உமிழ்வதையும், வாசற்படியின் ஓரத்தில் ஸ்டே கம்பி ஊன்றப்பட்டிருப்பதையும் நம் ஊர்களில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். அவற்றை நகர்த்தும்படி கேட்கப் போகும் வீட்டுக்காரர், தாம் கேட்பது ஓர் உரிமையா, சலுகையா என்பதையே அறியாமல் மின்வாரிய அலுவலகத்தின் பெஞ்சியில் காத்திருக்கிறார். உரிமைதான் என்பதே என் அபிப்பிராயம்; ஆனால் அந்த உரிமை எங்கிருந்து வந்தது, எவ்வழியில் மெலிந்தது, எந்த மூலையில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதை அறிய, லண்டன் மாநகரத்துப் பழைய வழக்கொன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

தேம்ஸ் நதியின் தென்கரையில் பாங்க்சைடு என்னும் பகுதியில் லண்டன் நகர மின்விளக்குக் கம்பெனி தன் உற்பத்தி நிலையத்தை அமைத்து, பெரும் எந்திரங்களை நிறுவி ஓட்டியது. அஸ்திவாரத்துக்காகத் தோண்டியதிலும் எந்திரங்களின் ஓயாத அதிர்விலும் பக்கத்திலிருந்த மதுவிடுதிக் கட்டடம் ஆட்டம் கண்டு விரிசல் விட்டது. அங்கே குடியிருந்தவர்க்கு இரைச்சலாலும் நடுக்கத்தாலும் நிம்மதி பறிபோயிற்று. கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்திய ஷெல்ஃபர் என்பவர் ஒரு வழக்கும், சொத்துக்கு உடைமை பூண்ட மதுவடி கம்பெனி மற்றொரு வழக்கும் தொடுத்தனர். விசாரித்த நீதிபதி கெகெவிச், தீங்கு நேர்ந்தது உண்மைதான் என்று கண்டும், நஷ்டஈடு வாங்கிக்கொண்டு போகலாம் என்று தீர்த்தார். மேல்முறையீட்டில் 1895-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் பதிவாகிய தீர்ப்போ அதைத் திருப்பிவிட்டது. நகர் முழுவதற்கும் வெளிச்சம் தரும் பொது உபகாரி என்பதற்காக, ஒரு கம்பெனி தன் அண்டை வீட்டாருக்குத் தொடர்ந்து தீங்கிழைக்கும் உரிமையை விலை கொடுத்து வாங்கிக்கொள்ள நியாயஸ்தலம் துணைபோகாது என்று பிரபு லிண்ட்லி தெளிவாகச் சொன்னார். தீங்கு சிறியதாய், பணத்தால் அளவிடத்தக்கதாய், சிறு தொகையால் ஈடுசெய்யத் தக்கதாய் இருந்து, தடையுத்தரவு கொடுத்தால் எதிராளிக்குக் கொடுமையாகும் என்ற நிலையும் சேர்ந்திருந்தாலொழிய, தடைக்குப் பதிலாகப் பணம் கொடுப்பது முறையன்று என்று ஏ. எல். ஸ்மித் என்னும் நீதிபதி வகுத்த நான்கு விதிகள் அன்று முதல் ஆங்கிலச் சட்டம் பரவிய தேசங்களிலெல்லாம் வக்கீல்களின் நாவில் புரண்டு வந்திருக்கின்றன.

இந்தத் தீர்ப்பின் வலிமையை முழுதும் உணர, அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன் அதே கெகெவிச் தீர்த்த இன்னொரு வழக்கையும் நினைவில் கொள்ள வேண்டும். லீட்ஸ் நகரத்து மின்சார டிராம் பாதையிலிருந்து பூமிக்குள் கசிந்த மின்னோட்டம் ஒரு டெலிபோன் கம்பெனியின் வேலையைக் கெடுத்தது. அபாயமான பொருளைத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவன், அது தப்பிப் பிறருக்கு விளைக்கும் தீங்குக்குத் தன் பிழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொறுப்பாளி என்பது ரைலண்ட்ஸ் வழக்கில் பிரபுக்கள் சபை 1868-இல் உறுதி செய்த கோட்பாடு. லங்காஷயரில் ஓர் ஆலை முதலாளியின் நீர்த்தேக்கம் உடைந்து அண்டையிலிருந்த சுரங்கத்தில் வெள்ளம் புகுந்ததிலிருந்து பிறந்தது அது. மின்சாரமும் அந்த நீரைப் போலத் தப்பியோடும் பொருளே என்று கெகெவிச் ஏற்றுக்கொண்டார். ஆனால், பார்லிமெண்டின் அனுமதி பெற்று ஓடும் டிராமுக்கு அந்தப் பொறுப்பு கிடையாது என்று விலக்கும் கொடுத்துவிட்டார். அரசின் அனுமதி என்னும் இந்தக் கேடயத்தைப் பாங்க்சைடு கம்பெனியும் தூக்கிப் பார்த்தது. ஆனால் அதன் லைசென்ஸிலேயே, பிறருக்கு இடையூறு விளைந்தால் வழக்கிலிருந்து தப்ப முடியாது என்ற ஷரத்து சேர்க்கப்பட்டிருந்தது. ஆகவே லைசென்ஸை எழுதும்போதே அண்டை வீட்டாரை நினைத்துக்கொண்ட ஓர் அதிகாரியின் எழுதுகோல், அந்த மதுவிடுதிக்காரருக்கு எந்த வக்கீலின் சாமர்த்தியத்தையும்விடப் பெரிய உதவியைச் செய்தது என்று சொல்லலாம்.

நம் தேசத்துக்கு வருவோம். 1895-ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னையில் ஓடத் தொடங்கிய மின்சார டிராம், முதலில் தன் மின்னோட்டத்தைச் சாலைக்கு அடியிலிருந்த ஒரு கால்வாயிலிருந்தே எடுத்துக்கொண்டது; நம் பருவமழை அந்த ஏற்பாட்டைச் சீர்குலைத்ததால் கம்பி மேலே ஏறிற்று. பிறகு பேசின் பிரிட்ஜில் மின் நிலையம் அமைத்து நகருக்கு மின்சாரம் வழங்கத் தலைப்பட்ட மதராஸ் எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் முதலாக எத்தனையோ கம்பெனிகள் இந்நாட்டின் நகரங்களில் தோன்றின. அகலமான நடைபாதையோ வீட்டுக்கு முன் வெறுநிலமோ இல்லாமல், திண்ணையும் தாழ்வாரமும் தெருவை ஒட்டியே அமைந்த ஊர்களில், கம்பத்தை எங்கே நடுவது, கம்பியை யார் கூரைக்கு மேலே இழுப்பது என்ற கேள்வி சீமையில் எழுந்ததைவிடக் கூர்மையாக இங்கே எழுந்தது. 1887-இன் சட்டம் போய் 1903-இல் ஒரு சட்டமும், அதுவும் போய் 1910-இல் நீடித்து நின்ற இந்திய மின்சாரச் சட்டமும் வந்தன.

1910-இன் சட்டத்தில் பன்னிரண்டாம் பிரிவு என் பார்வையில் மிக உயர்ந்த ஒன்று. லைசென்ஸ்தாரர் தெருவைத் தோண்டலாம், கம்பி பதிக்கலாம் என்று அதிகாரம் கொடுத்த கையாலேயே அது ஒரு வேலியையும் போட்டது. பொது உபயோகத்துக்கு விடப்படாத நிலத்தின் மேலோ கீழோ, எந்தக் கட்டடத்தின் ஊடாகவோ அதன்மேல் சார்த்தியோ, உடைமைக்காரர் அல்லது குடியிருப்பவரின் சம்மதமின்றி எதையும் அமைக்கலாகாது. குடியிருப்பவர் என்று சேர்த்தது சாமானியமான காரியமன்று. வாடகைக்கு இருப்பவரின் உயிரும் உயிர்தான் என்று அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது. மேற்கம்பியைத் தாங்கும் கம்பத்துக்கோ, அதை இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பிக்கோ இடம் கொடுக்க வீட்டுக்காரர் மறுத்தால், ஜில்லா மாஜிஸ்திரேட்டோ, சென்னை போன்ற ராஜதானி நகரமானால் போலீஸ் கமிஷனரோ எழுத்துமூலம் உத்தரவிட்ட பிறகே அதை நடலாம். நட்டுவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. பின்னர் எந்தக் காலத்திலும், அந்த வீட்டின் உடைமைக்காரரோ குடியிருப்பவரோ போதிய காரணம் காட்டினால், அந்தக் கம்பத்தை எடுத்துவிடும்படியோ மாற்றியமைக்கும்படியோ அதே அதிகாரி உத்தரவிடலாம்.

இன்னும் ஓர் அருமையான நுட்பம் உண்டு. உத்தரவிடும்போது அந்த அதிகாரி, கம்பெனி கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டையோ, வருஷ வாடகையையோ, இரண்டையுமோ நிர்ணயிக்க வேண்டும். வருஷ வாடகை! ஒருவர் வீட்டுச் சுவரில் நிற்கும் கம்பம் அவருடைய இடத்தில் குடியிருக்கும் பொருள் என்றும், ஆண்டுதோறும் அது தன் குடிக்கூலியைச் செலுத்தக் கடமைப்பட்டது என்றும் சட்டம் கருதியது. ஒருமுறை பணம் வீசிவிட்டு என்றென்றைக்கும் மறந்துபோக முடியாதபடி அந்த உறவை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பித்துக்கொள்ளச் சொன்ன அந்த ஏற்பாட்டைப் பற்றி இன்று கேள்விப்பட்டவர்களே அரிது. வாங்கியவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

இவ்வளவு கவனமாக வேலி போட்ட அதே சட்டத்தின் பின்பக்கத்தில், ஐம்பத்தொன்றாம் பிரிவு என்ற ஒரு வாசல் திறந்து வைக்கப்பட்டிருந்தது. மின்சாரம் கொண்டு செல்லும் பொருட்டு, தந்தி அதிகாரிக்குள்ள அதிகாரங்களை எந்த லைசென்ஸ்தாரருக்கும் அரசாங்கம் வழங்கலாம் என்றது அது. 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டப்படி, யாருடைய நிலத்தின் மேலும் தந்திக் கம்பியைக் கொண்டுசெல்ல அரசாங்கத்துக்கு எவர் சம்மதமும் தேவையில்லை. நிலத்தின் மேல் உபயோக உரிமை மட்டுமே அதற்கு உண்டு, உடைமை மாறுவதில்லை. கூடியமட்டும் குறைவான சேதம் விளைவித்து, விளைந்த சேதத்துக்கு முழு ஈடு கொடுக்க வேண்டும் என்பதே அதன் கடமை. எதிர்த்து நிற்பவர்களை விலக்கி வழிவிடச் செய்ய ஜில்லா மாஜிஸ்திரேட்டுக்கும், ஈட்டுத் தொகையில் தகராறு வந்தால் தீர்க்க ஜில்லா நீதிபதிக்கும் அதிகாரம். செய்தியைச் சுமந்து செல்லும் மெல்லிய மின்னோட்டத்துக்காக, ஒரு சாம்ராஜ்யத்தின் அவசரத்துக்காக எழுதப்பட்ட விதிகள் இவை. தந்திக் கம்பி அறுந்து கூரைமேல் விழுந்தால் செய்தி நின்றுபோகும். உயரழுத்தக் கம்பி விழுந்தால் நிகழ்வது வேறு. இந்த வேற்றுமையைக் கருதாமல் ஒன்றின் அதிகாரத்தை மற்றொன்றுக்கு அணிவித்ததே இந்தச் சரித்திரத்தின் பெரும் பிழை என்று நான் துணிந்து சொல்வேன்.

அவசரத்துக்குக் காரணமும் இருந்தது என்பதை மறைக்கலாகாது. 1902-இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து கோலார் தங்க வயலுக்குத் தொண்ணூற்றிரண்டு மைல் நீளத்துக்குக் கம்பி இழுத்தபோதே, ஒவ்வொரு நிலக்காரரிடமும் தனித்தனியே சம்மதம் கேட்டு இத்தகைய காரியங்களை முடிக்க இயலாது என்பது புலப்பட்டிருக்கும். 1930-களில் பைக்காராவிலிருந்தும் மேட்டூரிலிருந்தும், அதன்பின் பாபநாசத்திலிருந்தும் மின்சாரம் தமிழ்நாட்டுச் சமவெளிக்கு இறங்கியபோது, கோயம்புத்தூர் ஆலைகளும் கிணற்றுப் பாசனமும் அதனால் செழித்தன. 1948-ஆம் ஆண்டின் மின்வழங்கல் சட்டம், அங்கீகரிக்கப்பட்ட திட்டங்களுக்குத் தந்தி அதிகாரங்களை மின்வாரியங்களின் கையிலேயே கொடுத்தது. 1957-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி சென்னை மாநில மின்வாரியம் பிறந்தபோது அந்த அதிகாரமும் உடன் பிறந்தது. கிராமந்தோறும் விளக்கு என்ற உயர்ந்த லட்சியத்தின் முன், எங்கள் ஓட்டுக்கு மேலே ஏன் கம்பி செல்கிறது என்று கேட்பவரின் குரல் சுயநலமாகவே ஒலித்திருக்க வேண்டும்.

சம்மதம் தேய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், அளவைகள் உறுதிப்பட்டன. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், தாழ்வழுத்த, நடுத்தர அழுத்தக் கம்பிகள் கட்டடத்தின் உச்சியிலிருந்து நேர் மேலே 2.5 மீட்டரும் பக்கவாட்டில் 1.2 மீட்டரும் விலகியிருக்க வேண்டும் என்றும், தெருக்களில் நாம் சாதாரணமாகக் காணும் 11,000 வோல்ட் கம்பி மேலே 3.7 மீட்டரும் பக்கத்தில் 1.2 மீட்டரும், 33,000 வோல்ட் கம்பி பக்கத்தில் 2 மீட்டரும் விலகியிருக்க வேண்டும் என்றும் விதித்தன. பின்னர் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் 2010, 2023-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் இந்த இடைவெளி மரபைத் தொடர்கின்றன. இங்கே எல்லா வழக்கையும் தீர்மானிக்கிற கேள்வி ஒன்றுண்டு: முதலில் வந்தது வீடா, கம்பியா? வீடு இருந்த இடத்தில் இடைவெளியின்றிக் கம்பி இழுத்திருந்தால் குற்றம் மின்வாரியத்தினுடையது. முறைப்படி இழுத்த கம்பிக்குக் கீழே பின்னாளில் மாடி எழுப்பினால், கட்டுமுன்னரே மின்வாரியத்துக்கும் மின் ஆய்வாளருக்கும் எழுத்துமூலம் அறிவித்து, கம்பியை மாற்றும் செலவை வீட்டுக்காரரே ஏற்க வேண்டும் என்கின்றன விதிகள். இந்த அறிவிப்பைக் கொடுக்காமல் மாடி எழுப்பிவிட்டுப் பிறகு முறையிடுகிறவர்கள் நம்மில் அநேகர். அவர்கள் வழக்கு தொடக்கத்திலேயே பாதி தோற்றுப்போகிறது.

இனி, தீங்கு நேர்ந்த பிறகு கிடைக்கும் பரிகாரத்தின் சரித்திரம் வேறு திசையில் சென்றது. கனடாவின் கியூபெக் நகரில் கடுங்காற்றில் முறிந்த மரக்கிளையொன்று கம்பிகளின் மேல் விழுந்து, உயரழுத்த மின்சாரம் வீட்டுக் கம்பிகளுக்குள் பாய்ந்து வீடுகள் தீப்பற்றின. அந்த வழக்கில் 1920-இல் லண்டன் பிரிவி கௌன்சில், அந்த மாகாணத்துச் சிவில் சட்டத்தின்படி, கம்பெனியின் பிழையை வீட்டுக்காரர் நிரூபிக்க வேண்டியதில்லை, தடுத்திருக்க முடியாது என்பதைக் கம்பெனிதான் காட்ட வேண்டும் என்று தீர்த்தது. நமக்கும் அப்போது அதுவே கடைசி நியாயஸ்தலம். சுதந்திர இந்தியாவில், டில்லியில் 1985 டிசம்பரில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்ததையொட்டி, தலைமை நீதிபதி பகவதி தலைமையில் உச்ச நீதிமன்றம் 1986 டிசம்பரில் அளித்த தீர்ப்பு, அபாயகரமான தொழில் நடத்துவோருக்கு விலக்கு எதுவுமற்ற பூரணப் பொறுப்பை விதித்தது. மத்தியப் பிரதேச மின்வாரிய வழக்கில், 1997 ஆகஸ்டில் மழை பெய்த ஓர் இரவில் வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிய தொழிலாளி, சாலை வெள்ளத்தில் கிடந்த கம்பியில் மின்சாரம் பாய்ந்து மாண்டார். மின்சாரம் திருடிய ஒருவன் இழுத்த கம்பி அது, நாங்கள் பொறுப்பல்ல என்றது வாரியம். இத்தகைய அபாயப் பொருளைக் கையாளுகிறவர், அந்நியன் செய்தான் என்று சொல்லித் தப்ப முடியாது, அறுந்த கம்பியில் மின்னோட்டம் நின்றுபோகச் செய்யும் ஏற்பாடு அவர் கடமை என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்து, விதவைக்கும் குழந்தைகளுக்கும் உயர் நீதிமன்றம் வழங்கிய 4.34 லட்சம் ரூபாயை உறுதி செய்தது.

ஆக, உயிர் போன பின் கிடைக்கும் பரிகாரம் நூறு ஆண்டுகளில் வளர்ந்து பலம் பெற்றது. போகாமல் தடுக்கும் பரிகாரமோ அதே நூறு ஆண்டுகளில் தேய்ந்து வந்தது. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 164-ஆம் பிரிவில் தந்தி அதிகாரத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. உயரழுத்தப் பாதைகளுக்கு நிலக்காரரின் முன்சம்மதம் வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமும் பவர் கிரிட் வழக்கொன்றில் தீர்த்துவிட்டது. கொங்கு நாட்டு விவசாயிகள் ராய்கர் முதல் புகலூர் வரையிலான 8 லட்சம் வோல்ட் பாதையை எதிர்த்துப் போராடியபோது, அவர்கள் எதிரே நின்றது 1885-இன் தந்திக் கம்பியே. தந்திச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டபோதும், பழைய தந்திச் சட்டத்தின் மூன்றாம் பாகம் மட்டும் மின்பாதைகளுக்காகத் தொடரும் என்று எழுதப்பட்டது. 2018-இல் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட திருத்தங்களோ, மின் உற்பத்தி, கடத்தல், பகிர்மானம் முதலிய திட்டங்களைத் தாமதப்படுத்தவோ அவற்றின் சேவைக்கு இடையூறு செய்யவோ கூடிய தடையுத்தரவைச் சிவில் நீதிமன்றங்கள் வழங்கலாகாது என்று கட்டுப்படுத்திவிட்டன. பொது உபகாரி என்ற காரணம் போதாது என்று பிரபு லிண்ட்லி மறுத்த வாதம், இங்கே சட்டமாகவே ஏறிவிட்டது.

அரசியல் சாசனத்தின் 226-ஆம் ஷரத்தின் கீழ் உயர் நீதிமன்றத்தின் வாசல் இதனால் அடைபடவில்லை. விதியில் சொன்ன இடைவெளி இல்லை என்று ஆவணத்தால் காட்டக்கூடியவருக்கு அது இன்றும் நல்ல வாசலே. ஆயினும் உண்மைகளில் சண்டை இருந்தால் சிவில் நீதிமன்றத்துக்குப் போ என்று அனுப்பிவிடுவார்கள் என்பதை ஒரிசா கிரிட் கார்ப்பரேஷன் வழக்கு 1999-இலேயே காட்டியிருக்கிறது. 2003-இன் சட்டம் உண்டாக்கிய நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றமும் மின் குறைதீர்ப்பாளரும் சில்லறைத் தொல்லைகளுக்கு உதவலாம்.

நான் பெரிதும் நம்புவது வேறொன்றை. 1910-இன் சட்டத்தை ரத்து செய்த 2003-இன் சட்டம், புதிய விதிகள் வரும்வரை பழைய பன்னிரண்டு முதல் பதினெட்டு வரையிலான பிரிவுகள் நீடிக்கும் என்று ஒரு வரி எழுதிவைத்தது. 2006-இல் வந்த லைசென்ஸ்தாரர் பணிகள் பற்றிய விதிகளின் மூன்றாம் விதியில், அந்தப் பன்னிரண்டாம் பிரிவே ஏறக்குறைய அப்படியே மறுபிறவி எடுத்திருக்கிறது: உடைமைக்காரர் அல்லது குடியிருப்பவரின் சம்மதம், மறுத்தால் அதிகாரியின் எழுத்துமூல உத்தரவு, நஷ்டஈடு, வருஷ வாடகை, எக்காலத்திலும் போதிய காரணம் காட்டிக் கம்பத்தை அகற்றக் கோரும் உரிமை எல்லாம். 164-ஆம் பிரிவின் அதிகாரம் பெற்று இழுக்கும் பெரும்பாதைகளை இது தொடாது என்பது உண்மை. ஆனால் தெருவில் நம் சுவரை இடிக்கும் கம்பங்களில் மிகப் பெரும்பாலானவை அந்த அதிகாரத்தைக் காட்டி நட்டவை அல்ல. யாரையும் கேட்காமல் நட்டவை. போதிய காரணம் எது என்று 1910-லும் வரையறுக்கவில்லை, 2006-லும் வரையறுக்கவில்லை. வீட்டின் அனுமதி வரைபடமும், அதற்குப் பின்னரே கம்பம் வந்தது என்பதற்குச் சான்றும், இடைவெளி 1.2 மீட்டருக்குக் குறைவு என்று மின் ஆய்வாளர் அளந்து எழுதிய அறிக்கையும் கையிலிருந்தால், அவற்றைவிடப் போதிய காரணம் வேறென்ன உண்டு என்று கலெக்டர் முன் மனுப்போட்டுக் கேட்க, வாடகைக்குக் குடியிருப்பவருக்கும் உரிமை இருக்கிறது.